மாக்கோழியின் வினை

வீடியோ கேமில் சுட்டு வீழ்த்தப்படும் எதிரிக்கு உயிர் இல்லை, வலி இல்லை, அழுவதற்கு வீட்டில் ஆளும் இல்லை. விழுந்த சற்று நேரத்தில் உடல் மறைந்துவிடும். அடுத்த ஆட்டத்தில் அதே மூலையில் மறுபடி நிற்பான். அவனைக் கொன்றதால் கொன்றவருக்கு வினை ஏதும் சேருமா? கேள்வி சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் உயிரில்லாத ஒன்றைக் கொல்வது கொலையாகுமா என்று, கணினி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தியச் சமயங்கள் கேட்டிருக்கின்றன. தமிழில் ஒரு காப்பியமே அந்தக் கேள்வியைச் சுற்றி எழுந்தது.

இதோடு எப்போதும் சேர்த்துக் குழப்பப்படும் இன்னொரு கேள்வியை முதலில் ஒதுக்கிவைக்க வேண்டும். துப்பாக்கி கேம் ஆடும் பையன் நிஜத்தில் முரடன் ஆவானா என்பது உளவியல் ஆய்வுக்கு உரியது. 1976-இல் எக்ஸிடி நிறுவனம் வெளியிட்ட ‘டெத் ரேஸ்’ என்ற கார் கேமில், வண்டி ஏறிச் செத்த குச்சி உருவங்கள் கல்லறைச் சிலுவைகளாக மாறின; அன்று கிளம்பிய சர்ச்சை இன்றுவரை ஓயவில்லை. சிறுவர்களுக்கு வன்முறை கேம்களை விற்கக்கூடாது என்ற கலிஃபோர்னியா சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011-இல் 7-க்கு 2 என்ற கணக்கில் செல்லாது என்றது. கேம்தான் சிறுவர்களின் முரட்டுத்தனத்துக்குக் காரணம் என்று ஆய்வுகள் நிறுவவில்லை என்பது தீர்ப்பில் ஒரு பகுதி. அங்கே பேசப்பட்டது விளைவு. வினை பற்றிய கேள்வி வேறு. அந்தப் பையன் பிற்பாடு ஓர் ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவனாக வளர்ந்தாலும், ஆட்டத்தின்போது அவன் செய்தது என்ன என்பதே அது.

இதற்குச் சமணம் தரும் விடை கடுமையானது. ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான யசோதர காவியத்தில் அந்த விடை கதையாக இருக்கிறது. யசோதரன் உஞ்சை நகரத்து அரசன். மனைவி அமிர்தமதி யானைப்பாகன் ஒருவனோடு கூடுவதைக் கண்ணால் கண்டு மனம் உடைந்தவன், தாய் சந்திரமதியிடம் உண்மையைச் சொல்ல மாட்டாமல், கெட்ட கனவு கண்டதாகச் சொல்கிறான். தேவிக்கு உயிர்ப்பலி கொடுத்தால் தோஷம் தீரும் என்கிறாள் தாய். அரசனுக்கு உயிர்க்கொலையில் விருப்பமில்லை. அப்படியானால் மாவால் ஒரு கோழி செய்து அதைப் பலியிடு என்று அவள் சமாதானத்துக்கு வருகிறாள். அவனும் ஒப்புக்கொள்கிறான். வாள் விழுகிறது. வெட்டுண்ட மாக்கோழி கூவுகிறது.

அந்த ஒரு வெட்டுக்காகத் தாயும் மகனும் படும் பாட்டைத்தான் காப்பியம் விரிக்கிறது. மயிலாகவும் நாயாகவும், மீனாகவும் முதலையாகவும், ஆடாகவும் எருமையாகவும் பிறவிதோறும் கொல்லப்பட்டு, கடைசியில் இரண்டு கோழிகளாகவே பிறக்கிறார்கள். அதன் பிறகுதான் மனிதப் பிறவி. சோமதேவர் வடமொழியிலும் ஜன்னன் கன்னடத்திலும் இதே கதையை எழுதினார்கள். சமணர்களுக்கு இது திரும்பத் திரும்பச் சொல்லத் தோன்றிய கதை என்பதற்கு இதுவே சான்று.

கொஞ்சம் மாவுக்கு இத்தனை தண்டனையா என்று நவீன வாசகருக்குக் கோபம் வரும். சமணர்கள் தரும் காரணம் தெளிவானது. அவர்கள் இம்சையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். உடலுக்குச் செய்யும் தீங்கு திரவிய இம்சை. உள்ளத்தில் நிகழ்வது பாவ இம்சை. பின்னதில் உள்ள ‘பாவ’ என்பது பாவபுண்ணியத்தில் வரும் பாவம் அல்ல, பாவனையில் வருவது. மாக்கோழியின் விஷயத்தில் திரவிய இம்சை கடுகளவும் இல்லை. ஆனால் யசோதரன் அதை மாவாக நினைத்து வெட்டவில்லை. உயிருள்ள கோழிக்குப் பதிலாக வைத்து, உயிர்ப்பலியின் பலன் கிடைக்க வேண்டும் என்று வெட்டினான். கொலையின் ஆதாயம் அவனுக்கு வேண்டும், கொலை மட்டும் வேண்டாம். காப்பியம் பிடித்துக்கொள்வது இந்தத் தந்திரத்தை.

மாற்றுப்பலி தமிழ் வாழ்க்கைக்குப் புதிதல்ல. ஆயுத பூஜை இரவில் கடை வாசலில் கல்பூசணிக்குத் துளையிட்டு, உள்ளே குங்குமமும் சில்லறையும் போட்டு, சுற்றி உடைக்கிறார்கள். சிதறும் சதை சிவப்பாக இருக்க வேண்டும், அதற்குத்தான் குங்குமம். உடைப்பவர் மனதில் பலி என்ற எண்ணமே இப்போது இல்லை. காசு பொறுக்கக் காத்திருக்கும் பையன்கள் மனதில் நிச்சயம் இல்லை. பாவனை வற்றிப்போன பிறகு சடங்கின் வடிவம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. யசோதரனின் கோழியையும் இந்தப் பூசணியையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது. கேம்களைப் பற்றிய விசாரணைக்கு இந்த வேறுபாடுதான் கைவிளக்கு.

பௌத்த உரைகாரர்கள் இதே கேள்வியை வழக்கறிஞர்போல் அணுகினார்கள். செயல் என்பதே எண்ணம்தான் என்பது புத்தர் வாக்கு. ஆனால் கொலை என்ற வினை நிறைவதற்கு ஐந்து கூறுகள் வேண்டும் என்று உரைகள் வகுக்கின்றன: ஓர் உயிர் இருக்க வேண்டும், அது உயிர் என்று தெரிந்திருக்க வேண்டும், கொல்லும் எண்ணம் வேண்டும், முயற்சி வேண்டும், அந்த முயற்சியால் உயிர் போக வேண்டும். இந்தப் பட்டியலின்படி திரையில் நடப்பது கொலை ஆகாது. முதல் கூறே இல்லை. இரண்டாவதும் இல்லை, எட்டு வயதுப் பிள்ளைக்கும் அது படம் என்று தெரியும். ஆனால் கொலை இல்லை என்றால் ஒன்றுமே இல்லை என்று பொருளல்ல. எண்ணத்தில் பகை இருந்தால் பகை என்ற கணக்கில் அது ஏறும்.

எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவே கோடு எங்கே என்பதில் சமயங்கள் ஒத்துப்போவதில்லை. பிறர் பொருளைக் களவாட நினைப்பதே தீது என்கிறார் வள்ளுவர். இச்சையோடு பார்ப்பதையே விபசாரம் என்கிறது மத்தேயு நற்செய்தி. உள்ளத்தில் எழும் ஊசலாட்டங்கள் சொல்லாகவோ செயலாகவோ ஆகாதவரை மன்னிக்கப்படும் என்பது இஸ்லாமிய மரபு. கேம் இந்தக் கோட்டின் மேலேயே நிற்கும் விசித்திரப் பண்டம். அது வெறும் நினைப்பு அல்ல, விரல் பொத்தானை அழுத்தியிருக்கிறது. முழுச் செயலும் அல்ல, உலகில் எதுவும் மாறவில்லை.

எதுவும் மாறாவிட்டாலும் புண்படுவோர் உண்டு. 2007-இல் சோனியின் ‘ரெசிஸ்டன்ஸ்: ஃபால் ஆஃப் மேன்’ கேமில் மான்செஸ்டர் பேராலயத்துக்குள் துப்பாக்கிச் சண்டை நடப்பதைக் கண்டு இங்கிலாந்துத் திருச்சபை கொதித்தது, சோனி மன்னிப்புக் கேட்டது. பேராலயத்தின் கல்லில் ஒரு கீறலும் விழவில்லை. ஆனால் அந்த ஊர் துப்பாக்கிக் கொலைகளால் நொந்திருந்த ஊர்.

‘சும்மா கேம்தானே’ என்ற பதிலை கேமர்களே முழுதாக நம்புவதில்லை என்பதை மார்கன் லக் என்ற தத்துவ ஆசிரியர் 2009-இல் எடுத்துக்காட்டினார். கேமில் கொலை செய்வதைப் பெரும்பாலோர் தவறாக நினைப்பதில்லை. கேமில் குழந்தைமீது பாலியல் கொடுமை செய்வதை அநேகமாக எல்லோரும் அருவருக்கிறார்கள். இரண்டிலும் நிஜத்தில் பாதிக்கப்பட்டவர் யாருமில்லை. பின் ஏன் ஒன்று பொழுதுபோக்கு, மற்றது அருவருப்பு? பல பதில்கள் எழுதப்பட்டுவிட்டன. சமணர் பதில் அவற்றில் பலவற்றைவிடச் சுருக்கமானது. துப்பாக்கி கேம் ஆடுபவர் எதிரியைப் பெரும்பாலும் சதுரங்கக் காயாகப் பார்க்கிறார்; வெட்டுண்ட காய்க்காக யாரும் பரிகாரம் செய்வதில்லை. இரண்டாவதில் அப்படிப் பார்க்கவே முடியாது. அந்தக் காட்சியை வேண்டி ஆடுபவர், அது எதைக் குறிக்கிறதோ அதையே வேண்டுகிறார். மாக்கோழி அங்கே கூவிவிடுகிறது.

ஆக, ஒரே கேமில் ஒரே தோட்டாவுக்கு இரண்டு கணக்கு இருக்க முடியும். ஒருவர் கண்கள் வரைபடத்தின் மூலையில் நகரும் புள்ளியில், காது காலடி ஓசையில், மனது மீதமுள்ள குண்டுகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. சுட்டதும் அடுத்த அறை. இன்னொருவர் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’வில் கொடுத்த வேலையை முடித்துவிட்டு, ஊதியமோ புள்ளியோ கிடைக்காது என்று தெரிந்தும், காரை நடைபாதையில் ஏற்றி, அலறல் கேட்பதற்காகவே மறுபடி பின்னால் எடுக்கிறார். அப்படி ஒருமுறையாவது செய்து சிரிக்காத கேமர் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தச் சிரிப்பில் பகை இருக்கிறதா, பொம்மையின் சாவியைத் திருகிப் பார்க்கும் குறும்பு மட்டும்தானா என்பதை வெளியே இருந்து யாரும் அளக்க முடியாது.

நடிகர்களும் கொல்கிறார்களே என்று கேட்கலாம். கூத்தில் துச்சாதனன் வேடம் கட்டியவர் திரௌபதியின் சேலையில் கை வைக்குமுன் கற்பூரம் காட்டி வணங்கிக்கொள்ளும் வழக்கம் உண்டு. வேடம்தான் என்று அவருக்கும் தெரியும், விடிய விடிய உட்கார்ந்திருக்கும் ஊருக்கும் தெரியும். ஆனாலும் செயலின் வடிவத்துக்கே ஒரு பாரம் உண்டு என்று அந்தக் கலை ஒத்துக்கொள்கிறது. இத்தனைக்கும் துச்சாதனனுக்கு வேறு வழி கிடையாது, கதை எழுதியாகிவிட்டது. கேமருக்குப் பெரும்பாலும் வழி உண்டு. சுடாமலும் போகலாம்.

இந்தத் தேர்வைக் கணக்கெடுக்கத் தொடங்கிய கேம்களில் முதன்மையானது ரிச்சர்டு கேரியட் 1985-இல் வெளியிட்ட ‘அல்டிமா 4: குவெஸ்ட் ஆஃப் தி அவதார்’. அதற்கு முந்தைய பாகத்தை ஆடியவர்கள் ஊர்க்காரர்களைக் கொன்றும் கடைகளில் திருடியும் விரைவாக முன்னேறியதை அவர் கண்டிருந்தார். நான்காம் பாகத்தில் கடைசியாகக் கொல்ல வேண்டிய அரக்கனே கிடையாது. நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டுப் பண்புகளில் தேற வேண்டும். மூலிகை விற்கும் பார்வையற்ற பெண் விலையைச் சொல்லிவிட்டு, பணத்தை எண்ணி வைக்கும் வேலையை ஆடுபவரிடமே விட்டுவிடுகிறாள். குறைத்துக் கொடுத்தாலும் மூலிகை கிடைக்கும். யாரும் பிடிக்க மாட்டார்கள். ஆனால் நேர்மைக் கணக்கு உள்ளே ஓசையில்லாமல் குறையும். சித்திரகுப்தன் ஏட்டை ஆப்பிள் கணினியின் நினைவகத்தில் வைத்ததுபோல. தலைப்பில் உள்ள சொல்லும் நம்முடையதுதான். கடவுள் மண்ணுக்கு இறங்கிவருவதைச் சொன்ன அவதாரம், மனிதர் திரைக்குள் இறங்குவதைச் சொல்லப் போய், கடைசியில் சுயவிவரப் படத்துக்குப் பெயராகி நிற்கிறது.

கணக்கேடு இருந்தாலும் அல்டிமாவில் பழைய சேவ் கோப்பை லோடு செய்துவிட்டால் பாவம் கழிந்துவிடும். கங்கையில் முங்குவதைவிடச் சுலபம். டோபி ஃபாக்ஸ் 2015-இல் வெளியிட்ட ‘அண்டர்டேல்’ அந்தக் கதவையும் அடைத்தது. தொடக்கத்தில் வழிதவறி வரும் பிள்ளையை டோரியல் என்ற ஆட்டுமுகத் தாய் வீட்டுக்கு அழைத்துப்போய்ப் பணியாரம் சுட்டுவைக்கிறாள். அங்கிருந்து வெளியேற அவளோடு மோத வேண்டும். சண்டையில் அவளைக் கொன்றுவிட்டு, மனசு கேட்காமல் சேவுக்குத் திரும்பி, இம்முறை கொல்லாமல் விடுபவர் ஏராளம். வெளியே வந்ததும் ஃப்ளவி என்ற பூ, நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும் என்கிறது. எல்லோரையும் கொன்றுதீர்க்கும் பாதையை ஒருமுறை முடித்தவருக்கு அழிந்த உலகம் திரும்பக் கிடைக்கும், ஆன்மாவை விலையாகக் கொடுத்தால். அதன்பின் ஓர் உயிரையும் தொடாமல் ஆடி முடித்தாலும், இறுதிக் காட்சியில் கறை தெரியும்.

இது நிரலாளரின் விளையாட்டுத்தான். எந்தக் கோப்பை அழித்தால் பூ மறக்கும் என்பதும் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் சேவ், லோடு என்ற வசதி மறைத்துவந்த ஒன்றை இந்த கேம் காட்டிக்கொடுத்தது. திரும்பிப்போவது உலகம், ஆடியவர் அல்ல. முதல்முறை கொன்றபோது இருந்த மனநிலையை எந்த சேவ் கோப்பாலும் பின்னுக்குத் தள்ள முடியாது. யசோதரனும் கோழி கூவிய கணத்தில் வருந்தினான். வருத்தம் வெட்டைத் திரும்ப எடுக்கவில்லை.

கேமர்களில் பெரும்பாலோருக்கு யசோதரனின் வழக்கு பொருந்தாது. அவர்கள் உடைப்பது பூசணி. மிச்சப்பேருக்கு அது பொருந்தும். யார் எந்தப் பக்கம் என்பதைத் திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆடுபவர் மட்டும் அறிவார். அல்டிமா 4-இல் எட்டுப் பண்பிலும் தேறி, பாதாளத்தின் அடியில் ஞான நூலைக் கண்டடைபவருக்குப் புதையலும் இல்லை, சிம்மாசனமும் இல்லை. உன் உலகத்துக்குத் திரும்பிப் போ, அங்கே இப்படி வாழ்ந்து காட்டு என்று அனுப்பிவிடுகிறது அந்த கேம்.