வரிக்கு எது அளவுகோல்?

தெப்ராவ் நீரிணையைக் கடக்கும் ஜொகூர் கடற்பாலம் ஒரு கிலோமீட்டர் நீளமே உடையது. அதன் இருமுனைகளிலும் கலால் வரி வெவ்வேறு முகம் காட்டுகிறது. 2015இல் மலேசியா ஒரு சிகரெட்டுக்கு 40 சென் வரி விதித்தது. 2023இல் சிங்கப்பூர் அதனை 49.1 காசாக உயர்த்தியது. எண்கள் அண்டை வீட்டாரைப்போல் நெருங்கி நிற்கின்றன. ஆயின் ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கும் மேலானது. ஆகவே சிங்கப்பூர் வரி ஏறத்தாழ நான்கு மடங்கு கனமுடையது. 1973 வரை இவ்விரு நாணயங்களும் ஒன்றுக்கு ஒன்றாக மாற்றப்பட்டன என்றால் இன்றைய மாணவர் வியப்பர்.

பொதுச் சந்தைக்குப் பொது வரி வேண்டாமா என்னும் வினா இங்குப் பழையது. ஜாக் ருவேஃப் தலைமையில் வந்த உலக வங்கிக் குழு பொதுச் சந்தையைப் பரிந்துரைத்தது. 1963ஆம் ஆண்டு மலேசிய ஒப்பந்தத்தின் இணைப்பிலும் அது இடம்பெற்றது. தீர்வையற்ற துறைமுகமாக வளர்ந்த சிங்கப்பூருக்குத் தன் இடைவழி வாணிகத்தைப் பற்றிய அச்சம் இருந்தது. 1965இல் பிரிவினை வந்தது. திட்டம் ஏட்டோடு நின்றது. 2025 சனவரியில் கையெழுத்தான ஜொகூர் - சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் இரு கரைகளையும் மீண்டும் நெருங்கச் செய்துள்ளது.

தெப்ராவில் ஒரே தெருவில் வாழும் இருவரை எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் பாலங்கடந்து வெள்ளியில் ஊதியம் பெறுகிறார். மற்றவர் உள்ளூரில் ரிங்கிட்டில் பெறுகிறார். சிங்கப்பூர் வரி இங்கும் வந்தால் முன்னவருக்கு அது சில்லறை, பின்னவருக்கோ பெருஞ்சுமை. பொருளைச் சமமாக நடத்தும் வரி மாந்தரைச் சமமாக நடத்துவதில்லை.

எனினும் மலிவே இரக்கம் என்பதும் பிழையாகும். ஏழையின் நுரையீரலுக்குப் புகை சலுகை தருவதில்லை. தோட்டத்துக் கள்ளுக்கடைகள் பாட்டாளிக்கு மலிவாகவே ஊற்றின. 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் அவற்றை எதிர்த்துத்தானே எழுந்தனர்!

ஐரோப்பா 1992இல் வேறு வழி கண்டது. கீழெல்லையை மட்டும் பொதுவாக வகுத்து, அதற்குமேல் உயர்த்தும் உரிமையை நாடுகளுக்கே விட்டது. இது நேரிய முறை எனலாம். ஆயினும் திராட்சை மதுவின் கீழெல்லை சுழியம் என்று வகுக்கப்பட்டது; மது விளைவிக்கும் நாடுகளின் குரல் அங்கே ஓங்கியிருந்தது போலும்! சிகரெட் வரியில் ஓரளவு நீதி தெரிகிறது. விலையில் 60 விழுக்காடு, ஆயிரத்துக்கு 90 யூரோ என இரு அளவுகோல்கள் பின்னர் வகுக்கப்பட்டன. பல்கேரியா, ருமேனியா போன்ற வருவாய் குறைந்த நாடுகள் அவ்வளவை எட்ட 2017 இறுதிவரை தவணை பெற்றன.