கவுன்சிலரின் கை யாருடைய கை?

 



2011ல் தமிழகத்தில் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2022ல் அப்படியல்ல. பிப்ரவரி 19 அன்று 21 மாநகராட்சிகளிலும் நாம் வார்டு கவுன்சிலரை மட்டுமே தேர்ந்தெடுத்தோம். மார்ச் 4 அன்று அந்தக் கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆக, நகரம் எந்தக் கட்சியின் கையில் என்பதை மன்றத்திற்குள் இருக்கும் தலைகளின் எண்ணிக்கையே முடிவு செய்கிறது. இரு தரப்பும் சமமாக வந்துவிட்டால் ஒரே ஒரு கவுன்சிலரின் கைக்கு விலை பேசுவார்கள்.

அந்தக் கையை விற்கும் உரிமை அவருக்கு உண்டா?

1985ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் எம்.பி.க்களையும் எம்.எல்.ஏ.க்களையும் பற்றியே பேசுகிறது. கவுன்சிலரைப் பற்றி அல்ல. ஆனால் சட்டம் தடுக்காததெல்லாம் ஆகுமானதாகிவிடாது. அதே மார்ச் 4 அன்று சில ஊர்களில், கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவிகளை தி.மு.க.வினரே போட்டியிட்டுப் பிடித்துக்கொண்டார்கள். எண்ணிக்கைப்படி அது வெற்றிதான். ஆனாலும் அவர்களை உடனே ராஜினாமா செய்யும்படி முதல்வர் மு.க.ஸ்டாலின் பகிரங்கமாகச் சொன்னார். வாக்குறுதி என்று ஒன்று இருக்கிறதல்லவா!

வாக்களிப்பது சாட்சியம், அது ஒரு வகாலத்தும் கூட என்பது மார்க்க அறிஞர்களின் விளக்கம். வகீல் என்பவர் பிறருடைய பொருளுக்குப் பொறுப்பாளி. அதை விற்றுத் தன் பையை நிரப்பினால் அது மோசடி. ஸகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர், ஒரு பகுதியைத் தனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று ஒதுக்கிக்கொண்டபோது, அவர் தன் பெற்றோரின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது கிடைத்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை புகாரி, முஸ்லிம் நூல்களில் காண்கிறோம். கவுன்சிலர் தன்னிடமும் அதையே கேட்டுக்கொள்ளட்டும்: வார்டு மக்களின் வாக்கு இல்லாவிட்டால் இந்தப் பணம் என் வாசலுக்கு வந்திருக்குமா?

அப்படியானால் கட்சி சொன்னதற்கெல்லாம் கை தூக்க வேண்டுமா? அதுவும் இல்லை. பாவமான காரியத்தில் எந்தத் தலைமைக்கும் கீழ்ப்படிதல் கிடையாது. குடிநீர்க் குழாய் ஒப்பந்தத்தில் முறைகேடு தெரிந்தும், கட்சியின் பெரும்பான்மை போய்விடும் என்று வாய் மூடுவது அஸபிய்யா. அநியாயத்தில் தன் கூட்டத்துக்குத் துணை போவதற்குத்தான் அந்தப் பெயர். மனசாட்சிக்காக எதிர்த்து வாக்களிப்பவர் காரணத்தை வார்டு மக்களிடம் பகிரங்கமாகச் சொல்லலாம். கட்சியில் நீடிக்கவே முடியாவிட்டால் பதவியைத் துறந்து மீண்டும் மக்களிடமே வரலாம். மனசாட்சிக்காக மாறியவருக்கு மறைக்க எதுவும் இருக்காது. விலைக்கு மாறியவர் வாசல் பக்கம் வரமாட்டார்.

சகோதரர்களே, நமக்கும் இதில் கணக்கு உண்டு. கவரை வாங்கிக்கொண்டு பட்டனை அழுத்தியவர், தான் ஏற்கனவே விற்றுவிட்ட அமானிதத்துக்கு எப்படிக் கணக்குக் கேட்பார்? முதல் விற்பனை நம் வீட்டு வாசலில் நடந்தால், இரண்டாவது விற்பனை மாமன்றத்தில் நடக்கத்தான் செய்யும்.

அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்கும் நல்லடியார்களாக வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.