கடாரத்துக் கற்களும் நம் கடனும்

இடிந்த கோட்டைகளையும் சிதைந்த கோயில்களையும் மனிதன் ஏன் தேடிச் செல்கின்றான்? குடியிருக்க உதவாத சுவர், வழிபாடு நின்றுபோன கருவறை, கூரை இழந்த மண்டபம் ஆகியவற்றால் அவனுக்கு ஆவது யாது? புதியனவற்றைக் காணவே நேரம் போதாத இக்காலத்தில், பாழ்பட்டவற்றின் முன் சென்று நிற்பதற்கு ஒரு காரணம் இருத்தல் வேண்டும். அக்காரணம் உயர்ந்ததாயின் பயணமும் உயரும்; தாழ்ந்ததாயின் பயணம் வெறும் பொழுதுபோக்காய் முடியும்.

இவ்வாறு செல்வோரை மூவகையினராகப் பிரிக்கலாம். காட்சிக்காகச் செல்வோர் முதல்வகையினர். அவர்கள் படம் எடுத்துக்கொண்டு திரும்புவர். பெருமைக்காகச் செல்வோர் இரண்டாம் வகையினர். அவர்கள் 'இது எம் முன்னோருடையது' என்று மார்தட்டித் திரும்புவர். தாம் பட்டிருக்கும் கடனை அறிந்துகொள்ளச் செல்வோர் மூன்றாம் வகையினர். அவர்கள் ஒரு பொறுப்பைச் சுமந்து திரும்புவர். இம்மூன்றாம் வகையினர் மிகச் சிலரே. அச்சிலரின் தொகையைப் பெருக்குவது ஆசிரியர்களாகிய நம் வேலை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

உலகப் புகழ்பெற்ற ஓர் எடுத்துக்காட்டை முதலிற் காண்போம். சுவிட்சர்லாந்தில், ஆல்ப்ஸ் மலைகள் சூழ்ந்த ஜெனீவா ஏரிக்கரையில் சில்லோன் என்னும் பழங்கோட்டை உள்ளது. சவோய் மரபின் ஆட்சியாளர்கள் அதனை வலிமைக்கும் வாழ்வுக்கும் உரிய இடமாக அமைத்துக்கொண்டனர். ஆயினும், அக்கோட்டையை உலகறியச் செய்தவர் அவர்களுள் ஒருவரும் அல்லர். 1530 முதல் 1536 வரை அங்கே சிறைப்பட்டிருந்த பொனிவார் என்பவரே அதற்குப் புகழ் தேடித் தந்தார். 1816-இல் அங்குச் சென்ற ஆங்கிலக் கவிஞர் பைரன், அக்கைதியை வைத்தே பாட்டெழுதினார். கோட்டையைக் கட்டியவர் பெயர் பின்னே சென்றது; கோட்டைக்குள் துன்புற்றவர் பெயர் முன்னே நின்றது. சிதைவுகள் கற்பிக்கும் முதற்பாடம் இதுவே. ஓரிடத்தை ஆண்டவரின் வரலாறு மட்டும் அவ்விடத்தின் வரலாறு ஆகிவிடாது.

இனி நம் ஊருக்கு வருவோம். சுங்கைப் பட்டாணியில் வாழும் நாம் இத்தகைய சிதைவுகளைக் காணக் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. வடமேற்கே மெர்போக் சென்றால், குனோங் ஜெராய் மலையடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு நம்மை வரவேற்கின்றது. மலாய் மொழியில் சண்டி என வழங்கப்பெறும் பழங்கோயில் அடித்தளங்கள் அங்கே உள்ளன. 1936, 1937 ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்னும் ஆய்வாளரும் அவர் துணைவியாரும் இவ்வட்டாரத்தில் அகழ்ந்து பல இடங்களைப் பதிவு செய்தனர். பின்னர், 1960-ஆம் ஆண்டை ஒட்டி, அலாஸ்டர் லாம்ப் என்பவரின் முயற்சியால் புக்கிட் பத்து பஹாட் சண்டியின் கற்கள் மீண்டும் அடுக்கப்பட்டன. விமானமும் மண்டபமும் அமைந்த அக்கோயிலின் கல்தளத்தில், மரத்தூண்களைத் தாங்கிய கற்களை இன்றும் காணலாம். மரமும் கூரையும் மண்ணோடு மண்ணாயின. கல் மட்டும் எஞ்சியது.

மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லும் ஆசிரியர் எவரும் ஒரு கேள்வியைத் தவறாமல் எதிர்கொள்வர். 'ஐயா, இதை நம் இராசேந்திர சோழன் கட்டினானா?' என்பதே அக்கேள்வி. அதனை எள்ளி நகையாடுதல் கூடாது. கடாரம் கொண்டான் என்னும் விருதுப்பெயரைப் பாடநூலில் படித்த பிள்ளை, அக்கடாரத்திலேயே தான் பிறந்திருப்பதை எண்ணி மகிழ்வது இயல்பு. ஆயினும், அம்மகிழ்ச்சியோடு பாடத்தை முடித்துவிடுதல் ஆசிரியர்க்கு அழகன்று. வரலாறு கூறுவது அதனினும் விரிவானது.

பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களுள் காழகத்திலிருந்து வந்தவற்றையும் குறிப்பிடுகின்றது. காழகமாவது கடாரம் என்பது நச்சினார்க்கினியர் உரை. வடக்குச் செபராங் பிறைப் பகுதியில் 1834-இல் ஜேம்ஸ் லோ கண்டெடுத்த கல்வெட்டு, புத்தகுப்தன் என்னும் மாலுமித் தலைவனைக் குறிப்பிடுகின்றது. அவனது ஊராகிய இரக்தமிருத்திகை வங்கத்தைச் சேர்ந்தது என்பர். ஆகவே, படையெடுப்புக்குப் பல நூற்றாண்டுகட்கு முன்னரே வணிகரும் மாலுமிகளும் துறவிகளும் இக்கரைக்கு வந்துள்ளனர். அவர்களுள் தமிழரும் இருந்தனர், பிறரும் இருந்தனர். அவர்களை ஏற்று உடன்வாழ்ந்த இம்மண்ணின் மக்களும் இருந்தனர். பல கைகள் சேர்ந்து எழுப்பிய ஒன்றுக்கு ஒருவரே உரிமை கொண்டாடுதல் முறையாகாது.

இராசேந்திரனின் செயல்களையே எடுத்துக்கொள்வோம். அவன் தந்தை முதலாம் இராசராசன் காலத்தில், கடாரத்து அரசன் பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை என்னும் பௌத்தப் பள்ளி எழுந்தது. சைவனாகிய இராசராசன் ஏறத்தாழ 1006-இல் ஆனைமங்கலம் என்னும் ஊரை அப்பள்ளிக்கு அளித்தான். தந்தையின் மறைவுக்குப் பின் அக்கொடையைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்து நிலைநிறுத்தியவன் இராசேந்திரனே. அதே இராசேந்திரன் 1025-இல் கடற்படை செலுத்திக் கடாரத்தை வென்றான். பின்னர் 1090-இல், கடாரத்து அரசனின் தூதர் வேண்டியவாறு முதலாம் குலோத்துங்கன் மீண்டும் அவ்விகாரைக்குச் சலுகை வழங்கினான். கொடை, போர், மீண்டும் கொடை என நூறாண்டுக்குள் நிகழ்ந்த இவற்றுள் எதனை நாம் நினைந்து போற்றுகின்றோம்? நடுவில் நின்ற போரை மட்டுமே அன்றோ!

இங்கு ஒரு மறுப்பு எழலாம். 'தோட்டப்புறத்தில் தாழ்ந்து கிடந்த சமுதாயத்திற்கு இப்பெருமையேனும் வேண்டாவா? கூலி என்று இகழப்பட்டவன், எம் முன்னோர் இங்கே வேந்தராய் வந்தனர் என்று நிமிர்வதில் குற்றம் என்ன?' என்று கேட்பர். இக்கேள்வியில் நியாயம் உண்டு. தாழ்வு மனப்பான்மையால் குனிந்த முதுகை நிமிர்த்தப் பழம்பெருமை சிறிது காலம் ஊன்றுகோலாகும். ஆனால், ஊன்றுகோலையே கால் என்று கொள்ளுதல் கூடாது. மன்னன் வென்றதால் நாம் மதிப்புப் பெறுகின்றோம் எனின், மன்னன் தோற்றிருந்தால் நாம் மதிப்பிழந்தவர் ஆவோமா? பால்மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாயின் மதிப்புக்கு எந்த வேந்தனின் சான்றும் வேண்டியதில்லை. மேலும், வென்றதைக் காட்டி உரிமை கொண்டாடுவோர், பிறிதொருவர் தம்மை வெல்லும்போது முறையிடும் தகுதியை இழப்பர். நம்மைத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்த ஆங்கிலேயனும் வெற்றியைக் காட்டியே உரிமை கொண்டாடினான் என்பதை மறத்தலாகாது.

சுங்கை பத்து என்னும் இடத்தில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் நிகழ்த்திய அகழாய்வு இக்கருத்துக்கு வலிவூட்டுகின்றது. அங்கே இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும் காற்றூதும் களிமண் குழாய்களும் இரும்புக் கசடும் பெருமளவில் கிடைத்தன. அத்தொழில் தொடங்கிய காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. தொழில் நடந்தது பற்றி ஐயமில்லை. அவ்வுலைகளின் வெம்மையில் நின்றவர் யாவர்? கனிமம் சுமந்தவர் யாவர்? எந்த மெய்க்கீர்த்தியும் அவர்களைப் பாடவில்லை. அவர்கள் பிசைந்த களிமண் குழாய்களே அவர்களுக்குரிய சான்று. அரசனைத் தேடிச் சென்ற மாணவனுக்குத் தொழிலாளியைக் காட்டித் திரும்ப அழைத்து வருவோமாயின், அப்பயணம் பயனுடையதாகும்.

சிதைவுகளின்மீது நமக்கிருப்பது உரிமையைவிடக் கடமையே என்பதற்கு 2013-ஆம் ஆண்டின் நிகழ்ச்சி சான்றாகும். சுங்கை பத்து வட்டாரத்தில் 11-ஆம் எண்ணிட்ட சண்டி, மேம்பாட்டுக்காக நிலம் சமன்செய்யப்பட்டபோது இடிக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் செய்தி பரவியதும் நாடெங்கும் கண்டனம் எழுந்தது. 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் நடப்பில் இருந்தும், அச்சண்டி அதன்கீழ் பதிவு பெற்றிருக்கவில்லை. நூற்றாண்டுகளின் மழையையும் வெயிலையும் தாங்கிய கற்களும் செங்கற்களும் இயந்திரத்தின் முன் தாங்கவில்லை. கண்டனம் தெரிவித்தது சரியே. ஆயினும், ஒன்றை இழந்தபின் அழுவது பாசம். இழக்குமுன் காப்பதே பொறுப்பு. மேடைகளில் கடாரப் பெருமை பேசப்பட்ட அளவுக்கு, எந்தச் சண்டி பதிவு பெற்றது, எது பெறவில்லை என்னும் வினாவும் முன்பே எழுந்திருக்குமாயின் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்!

இவ்விடத்தில் மற்றோர் உண்மையையும் நாம் நேர்கொண்டு பார்த்தல் வேண்டும். கெடாவில் தமிழரின் சிதைவுகள் பூஜாங் பள்ளத்தாக்கில் மட்டும் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டும் மறைந்தபோது, லயங்களும் பிரட்டுக் களங்களும் ஆயாக்கொட்டகைகளும் சிறு கோயில்களும் பள்ளிக் கட்டடங்களும் உடன் மறைந்தன. அவற்றுக்கு எண்ணிட்டவர் இலர். அரும்பொருட்காட்சியகம் அமைத்தவரும் இலர். சயாம் இரயில்பாதைக்கு 1942, 1943-இல் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தொழிலாளருள் திரும்பாதோர் எத்தனையோ பேர். 1947-இல் பீடோங் வட்டாரத்துத் தோட்டங்களில், கள்ளை எதிர்த்தும் உரிமை கேட்டும் தொண்டர் படையினர் எழுந்தனர், அடக்குமுறைக்கும் ஆளாயினர். 1025-ஐ அறிந்த மாணவன் 1947-ஐ அறியவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட வேந்தனை அறிந்தவன் தன் பாட்டன் பிறந்த தோட்டத்தின் பெயரை அறியவில்லை. இது வரலாற்றறிவு ஆகுமா?

நம் முன்னோர் மறவர்க்கு நடுகல் நட்டனர். ஆநிரை மீட்டு இறந்த ஊரவனும் அம்மதிப்பைப் பெற்றான். முடியுடையார்க்கே கல் என்னும் வரையறை இல்லை. இல்வாழ்வானின் கடமைகளைத் தொகுத்த வள்ளுவரும் தென்புலத்தாரை முதலில் வைத்தார். மறைந்தோர்க்குச் செய்யும் கடன், அவர்தம் வெற்றியைச் சொல்லி நாம் உயர்வதன்று. அவர்தம் உழைப்பு மறக்கப்படாமற் காப்பதேயாம்.

ஆகவே, ஆசிரிய நண்பர்கள் மாணவரைப் பூஜாங் பள்ளத்தாக்குக்கு அழைத்துச் செல்க. ஆண்டுதோறும் அழைத்துச் செல்க. ஆனால், திரும்பியபின் ஒரு பணியும் தருக. தத்தம் குடும்பத்தின் மூத்தோரிடம் அவர் வாழ்ந்த தோட்டத்தின் பெயரையும், லயங்களின் வரிசையையும், கோயில் நின்ற இடத்தையும், செய்த வேலையையும் கேட்டு எழுதி வரச் செய்க. அவ்வேடுகளைப் பள்ளி நூலகத்தில் காத்து வைக்க. மூத்தோர் இருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும். கற்கள் காத்திருக்கும், மனிதர் காத்திருக்க மாட்டார்.

சிதைவின் முன் நின்று 'இது யாருடையது?' என்று கேட்பது எளிது. 'இதற்கு நான் என்ன செய்யக் கடமைப்பட்டுள்ளேன்?' என்று கேட்பதே கல்வி. முதற்கேள்வியோடு வரும் மாணவனை இரண்டாம் கேள்விக்கு உயர்த்தி அனுப்பும் ஆசிரியரே கடாரத்தை உண்மையிற் காத்தவர் ஆவார்.