தகுதியும் வினையும்

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையைக் கடப்பவர் எவருக்கும் அந்தப் புராணம் தெரியும். சோதியாய் நின்ற சிவனின் அடியைத் தேடிப்போன திருமால், காணவில்லை என்று ஒப்புக்கொண்டார். முடியைக் கண்டதாகச் சொன்ன பிரமனோ தாழம்பூவைப் பொய்ச்சாட்சிக்கு அழைத்துவந்தார். எட்டாத உயரத்தைத் தன் ஆற்றலால் எட்டியதாகச் சொல்லிக்கொண்டதுதான் அங்கே குற்றமானது. அந்தக் கதை இன்றைக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு என்றதும் “தகுதி என்னாவது?” என்று கேட்கிறவர்கள், அந்தத் தகுதியில் தம் சொந்த உழைப்பு எவ்வளவு, வீட்டார் கட்டிய பணம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

நீட் தேர்வில் சரியான விடைக்கு நான்கு மதிப்பெண். தவறினால் ஒன்று போகும். தெரியாத வினாவில் வட்டத்தைக் கருப்பாக்கத் துணிவதா, விட்டுவிடுவதா என்பதே ஒரு தனிப் பயிற்சி. புக் பேக் வினாக்களை எழுதி எழுதிப் பழகிய நகராட்சிப் பள்ளிப் பிள்ளைக்கு அதைச் சொல்லித்தர ஆளில்லை. கோச்சிங் சென்டரில் இருக்கிறார்கள், கட்டணத்துக்கு. சேர்க்கை பெற்றவர்களில் இரண்டாம் முறையோ அதற்கு மேலோ முயன்றவர்கள், நீட்டுக்கு முந்தைய 2016-17இல் சுமார் 12 விழுக்காடு. 2020-21இல் 71 என்றது, நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழு. கூலி வேலை செய்யும் குடும்பம், பிள்ளையை ஓராண்டு வீட்டில் உட்காரவைத்துப் படிக்கவைக்க முடியுமா? 2019-20இல் அரசுப் பள்ளியிலிருந்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் 6 பேர். உள்ஒதுக்கீட்டுச் சட்டம் வந்த 2020-21இல் அது 300ஐத் தாண்டியது. ஓராண்டுக்குள் அப்பிள்ளைகளின் அறிவு ஐம்பது மடங்கு பெருகிவிட்டதா என்ன?

ஏழ்மை முன்வினைப் பயன், அதில் அரசு ஏன் தலையிட வேண்டும் என்போரும் உண்டு. சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மூன்றாகப் பகுக்கிறது. அரசுப் பள்ளியில் படிக்கும் ஏழைப் பெண் அனுபவிப்பது பிராரத்தம் என்றே கொள்வோம். அவளைத் தடுத்து நிறுத்துகிறவன் இன்று ஈட்டுவது ஆகாமியம் அல்லவா? அவளுக்குக் கிடைத்த ஒதுக்கீடு மட்டும் எப்படி வினைக்கு வெளியே போகும்? தன் துன்பத்தைத் தாங்கிக்கொள்ள ஒருவருக்கு உதவும் கோட்பாட்டை, அடுத்தவர் துன்பத்தைக் கண்டும் காணாமல் போக எடுத்துக்கொள்வது சமயத்துக்கே இழுக்கு.

தரம் கெடும் என்ற அச்சத்துக்கு விடை எளிது: ஒதுக்கீட்டில் வந்தவரும் நீட்டில் தேறியவரே, எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்விலும் அவருக்குத் தனிச் சலுகை இல்லை. பள்ளிகளை முதலில் சீராக்குங்கள் என்ற வாதத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. 2022 ஏப்ரலில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்றமும் அரசுப் பள்ளிகளின் தரத்தை உயர்த்தச் சொன்னது, 5 ஆண்டுகளில் மறுஆய்வு வேண்டும் என்றது. ஆனால் பள்ளி சீராகும்வரை காத்திருக்கும்படி பிளஸ் டூ முடித்தவளிடம் சொல்ல நமக்கு உரிமையில்லை. அரசு உதவிபெறும் பள்ளிகளில் படிக்கும் ஏழைப் பிள்ளைகள் இச்சட்டத்துக்கு வெளியே நிற்பது எனக்கு ஏற்பில்லை. மறுஆய்வில் அவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.