இஞ்சினை நாமே மாற்றலாமா?

தொழில் தெரிந்தவனுக்குக் கூலி கொடுப்பதா, அல்லது அந்த வேலையை நாமே செய்து கூலியை மிச்சப்படுத்துவதா என்ற கேள்வி வியாபாரிகளாகிய நமக்குப் புதிதன்று. கடைக்கு வர்ணம் பூசுவதிலிருந்து கணக்கு எழுதுவது வரை அது நாள்தோறும் வருகிறது. ஆனால் சரக்கு ஏற்றும் வேனின் இஞ்சின் தேய்ந்து, புகை கக்கி, இனிச் செப்பனிட்டுப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும் என்ற நிலை வரும்போது அதே கேள்வி பெரிய உருவத்தில் நம் முன் நிற்கிறது. அப்போது பணமும் பெரிது, பொறுப்பும் பெரிது. ஆகவே இதனை நிதானமாக ஆராய்வது நல்லது.

செபராங் ஜெயா வண்டியை நம்பி வாழும் ஊர். 1969இல் அமைக்கப்பட்ட பினாங்கு வளர்ச்சிக் கழகம் உருவாக்கிய இந்நகரத்துக்குப் பக்கத்திலேயே நெடுஞ்சாலையும் பிறை தொழிற்பேட்டையும் இருக்கின்றன. 1985இல் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. தீவில் காலையில் சரக்கெடுத்து, லுஹர் தொழுகைக்கு முன் கடைக்குத் திரும்புவது அதன்பின் எளிதாயிற்று. அதே 1985இல்தான் புரோட்டோன் சாகாவும் வெளிவந்தது. பாலமும் காரும் ஒரே ஆண்டில் வந்த இவ்வட்டாரத்தில், வண்டி நின்றால் வியாபாரமும் நிற்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பழைய வண்டிக்கு மாற்று இஞ்சின் கிடைப்பதும் இங்கே அரிதன்று. ஜப்பானில் வண்டிகளுக்குக் குறித்த ஆண்டுகளுக்கொரு முறை கட்டாயப் பரிசோதனை உண்டு. அந்தச் செலவை விரும்பாத பலர் நன்றாக ஓடும் வண்டியையே கழித்துவிடுகின்றனர். அப்படிக் கழிக்கப்பட்ட வண்டியின் முன்பாதி ‘ஆஃப்கட்’ என்ற பெயரில் மலேசியாவுக்கு வருகிறது. அதிலிருந்து இஞ்சினைத் தனியே வாங்கலாம். வாங்குவது எளிது, வண்டிக்குள் இறக்கிப் பொருத்துவதுதான் பெரிய காரியம். போர்மன் சொல்லும் கூலியைக் கேட்டதும், “இதை நாமே செய்தால் என்ன?” என்ற எண்ணம் எழுவது இயற்கையே.

அந்த எண்ணத்தை இழிவாகப் பேசுவது சரியன்று. தன் கையால் உழைப்பது நம் மார்க்கத்தில் உயர்ந்த காரியம். தாவூத் நபி (அலை) அவர்கள் அரசராயிருந்தும் தம் கை உழைப்பால் உண்டார்கள் என்று நபிமொழி அறிவிக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டார்கள். கிழிந்த ஆடைக்குத் தாமே ஒட்டுப்போட்டுக்கொண்டார்கள். முதலாளி என்ற பெயர் வந்ததும் திருப்புளியைத் தொடுவது கௌரவக் குறைச்சல் என்று நினைப்போருக்கு இதில் பாடம் உண்டு.

உலக வரலாறும் இதற்குச் சாட்சி சொல்கிறது. 1908 முதல் 1927 வரை தயாரான ஃபோர்டு ‘மாடல் டி’ கார்கள் ஒன்றரைக் கோடிக்கு மேல். அவற்றை வாங்கிய குடியானவர்களில் பலர் தங்கள் வண்டியைத் தாங்களே கழற்றிப் பழுது பார்த்துக்கொண்டனர். தமிழகத்தில் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு (1893–1974) ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதை அக்கக்காகக் கழற்றி, மீண்டும் பூட்டி, இயந்திர நுட்பத்தைக் கற்றுக்கொண்டார். பின்னர் 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கி, பெரும் தொழிலதிபரானார்.

நாயுடுவின் வரலாற்றில் வரிசை ஒன்றுண்டு; அதைக் கவனிக்க வேண்டும். அவர் கற்றது தம் சொந்த மோட்டார் சைக்கிளில். அதை அவர் தவறாகப் பூட்டியிருந்தால் முதலில் துன்பப்பட்டிருப்பவர் அவரே. பயணிகளை ஏற்றிச் சென்றது கற்றபின். கற்கும் காலத்து நஷ்டம் தமக்கு, கற்றபின் வரும் பயன் ஊருக்கு என்ற அந்த வரிசையில் ஒரு நீதி இருக்கிறது. நம் கேள்விக்கு விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது. கூலி மிச்சமாகுமா என்பதைப் பிறகு பார்க்கலாம். நாம் தவறினால் அந்தத் தவறின் சுமை யார் தலையில் விழும் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இஞ்சின் மாற்றும் வேலையை இந்தக் கண்ணோடு பார்ப்போம். நான்கு சிலிண்டர் இஞ்சின் ஒன்று, சிறியதாயினும், ஏறக்குறைய நூறு கிலோ எடையுள்ளது. கியர் பாக்ஸுடன் சேர்த்துத் தூக்கினால் இன்னும் அதிகம். அதைச் செயின் பிளாக்கில் மாட்டித் தூக்க வேண்டும். தூக்கும் சட்டம் சரியாக நிற்க வேண்டும். தொங்கும் இஞ்சினுக்கு அடியில் ஒருவரும் கைவைக்கக் கூடாது. பெட்ரோல் குழாய்களைக் கழற்றி மீண்டும் பூட்டும்போது ஓரிடத்தில் கசிந்தாலும், சூடான இஞ்சின்மேல் பெட்ரோல் சொட்டித் தீப்பிடிக்கலாம். பெட்ரோல் வண்டிகள் பெரும்பாலானவற்றில், பிரேக்கை மிதிக்கும் காலுக்கு உதவும் உறிஞ்சு விசை இஞ்சினிலிருந்தே ஒரு குழாய் வழியாக வருகிறது. அந்தக் குழாயைச் சரியாகப் பொருத்தாவிட்டால் பிரேக் மிதி கல்லாக இறுகிவிடும்; வழக்கமான அழுத்தத்துக்கு வண்டி நிற்காது. இஞ்சின் வேறு, பிரேக் வேறு என்று எண்ணியவர் இதைப் பாலத்தின் நடுவில் அறிய நேர்ந்தால், முன்னால் போகும் மோட்டார் சைக்கிள்காரர் செய்த குற்றம் என்ன?

இன்னொரு கேள்வியும் உண்டு. “நாமே மாற்றுகிறோம்” என்று சொல்லும்போது, அந்த ‘நாம்’ யார்? வீட்டின் முன்னே கார் நிறுத்தும் இடத்தில் முதலாளி ஒருவரே இதைச் செய்து முடிக்க முடியாது. சங்கிலியைப் பிடிக்க ஒருவர் வேண்டும். கீழே படுத்து போல்ட் கழற்ற இன்னொருவர் வேண்டும். பல இடங்களில் அந்த இன்னொருவர் கடைப் பையன்தான். ஊரிலிருந்து கடை வேலைக்கென்று வந்தவர். சரக்கு அடுக்கவும் கல்லாவுக்கு உதவவும் பேசிச் சம்பளம் வைத்தவர். “கொஞ்சம் பிடி” என்று முதலாளி சொன்னால் மாட்டேன் என்று சொல்லும் நிலையில் அவர் இல்லை. சங்கிலி அறுந்து அவர் விரல் நசுங்கினால், மிச்சமான கூலி யாருக்கு, போன விரல் யாருக்கு? இதைச் சொந்த உழைப்பு என்று சொல்ல முடியாது. பேசாத வேலையை, கூலியின்றி, ஆபத்தோடு பிறரிடம் வாங்குவது என்றே சொல்ல வேண்டும்.

வடிக்கும் எண்ணெயும் அப்படியே. பழைய இஞ்சின் எண்ணெய் மலேசியச் சட்டப்படி அட்டவணையிடப்பட்ட கழிவு. பட்டறைக்காரர் அதைப் பீப்பாயில் சேர்த்து, உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்கக் கடமைப்பட்டவர். வீட்டுவாசலில் வேலை செய்பவர் பெரும்பாலும் சாக்கடையைத்தான் பார்க்கிறார். அங்கு ஊற்றிய எண்ணெய் அங்கேயே நிற்பதில்லை. கால்வாய் வழியாக ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது. நமக்கு மிச்சமானது மீன் பிடிப்பவருக்கு நஷ்டமாகிறது.

சட்டத்தின் பக்கமும் ஒன்று உண்டு. வண்டியின் பதிவுப் பத்திரத்தில் இஞ்சின் எண் எழுதப்பட்டிருக்கிறது. இஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கு அறிவித்து, வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய், பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இஞ்சினாயின் சுங்கப் பத்திரமும் காட்ட வேண்டும். யார் மாற்றினாலும் இக்கடமை உண்டு. ஆனால் வீட்டில் மாற்றுபவர் இதைத் தள்ளிப்போட்டு, பிறகு மறந்துவிடுவது எளிது. பத்திரத்தில் ஓர் எண், வண்டியில் வேறோர் எண் என்றிருக்கும்போது விபத்து நேர்ந்தால், இன்ஷூரன்ஸ் கேட்கும் கேள்விக்கு வண்டிக்காரர் என்ன பதில் சொல்வார்? அடிபட்டவரின் குடும்பத்துக்கு என்ன சொல்வார்?

வைத்தியம் அறியாதவர் வைத்தியம் செய்து கேடு விளைந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்பது நபிமொழியின் கருத்து. இது வைத்தியத்தோடு நின்றுவிடும் விதியன்று. பிறர் உயிரைத் தொடும் எந்தத் தொழிலிலும், அறியாமல் கைவைத்தவருக்கு நல்லெண்ணம் மட்டும் சமாதானமாகாது.

செருப்பைத் தாமே தைத்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எல்லாவற்றையும் தாமே செய்துகொள்ளவில்லை. இரத்தம் குத்தி எடுக்க அபூ தைபா என்பவரை அழைத்தார்கள்; அவருக்குக் கூலியாகப் பேரீச்சம்பழம் அளந்து கொடுக்கச் சொன்னார்கள். அத்துடன் நில்லாமல், அவருடைய எஜமானர்களிடம் பேசி அவர்மீதிருந்த வரியையும் குறைக்கச் செய்தார்கள். ஹிஜ்ரத்தின்போது, உயிருக்கே ஆபத்தான அந்தப் பயணத்தில், பாலைவன வழி நன்கறிந்த அப்துல்லாஹ் இப்னு உரைகித் என்பவரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அவர் அப்போது முஸ்லிம் அல்லர். வழி தெரிந்தவர், நம்பத்தக்கவர் என்பதே பார்க்கப்பட்டது. நம் ஊர்ப் பட்டறையில் இருப்பவர் சீனராயினும் மலாய்க்காரராயினும் தமிழராயினும், நாம் பார்க்க வேண்டியவையும் அவ்விரண்டே.

“பட்டறைக்காரர் ஏமாற்றுகிறாரே, நல்ல சாமானைக் கெட்டது என்கிறாரே” என்று அன்பர்கள் சொல்லலாம். ஏமாற்றுவோர் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் இந்தச் சந்தேகத்தை முழுதாக ஏற்றுக்கொள்ளுமுன் வியாபாரிகளாகிய நாம் ஒரு கணம் நம் தராசைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மிளகாய்த்தூளில் என்ன கலந்திருக்கிறது என்று அறியாமல் நம் முன் நிற்கும் வாடிக்கையாளர், இஞ்சினுக்குள் என்ன இருக்கிறது என்று அறியாமல் பட்டறையில் நிற்கும் நம்மைப் போன்றவரே. எல்லாரும் எல்லாவற்றையும் தாமே அரைத்து, தாமே மாற்றி, தாமே தைத்துக்கொள்வது என்று தீர்மானித்தால் முதலில் பூட்டப்படுவது நம் கடைக்கதவு. பிறர் நம்மை நம்பி வாங்குவதில் நாம் பிழைக்கிறோம். அந்த நம்பிக்கையை மற்றொரு தொழிலாளிக்கு முழுதும் மறுப்பது நியாயமாகாது.

நம்புவது என்றால் கண்ணை மூடிக்கொள்வதுமன்று. வேலை தொடங்குமுன் கூலியைப் பேசி எழுதி வாங்குதல், கழற்றிய பழைய சாமான்களைக் காட்டச் சொல்லுதல், இஞ்சினின் சுங்கப் பத்திரத்தைக் கேட்டுப் பெறுதல், எத்தனை மாதத்துக்குப் பொறுப்பேற்பார் என்று முன்னதாகவே தெளிவாக்குதல் ஆகியவை சந்தேகமல்ல, ஒழுங்கு. கூலி இன்னதென்று தெரியாத வாடகை ஒப்பந்தம் செல்லாது என்று நம் சட்ட நூலார் சொல்வதும் இந்த ஒழுங்குக்காகவே. கூலி கொடுப்பவருக்கும் கடமை உண்டு. வேலை முடிந்து வண்டி ஓடத் தொடங்கியபின் பேரம் பேசுவதும், “அடுத்த மாதம் பார்க்கலாம்” என்று இழுப்பதும் வேர்வை உலருமுன் கூலி கொடுக்கும் முறையாகா. பிறர் நமக்கு வைக்கும் பாக்கியால் நாம் படும் சிரமத்தை அறிந்தவர்கள் நாம். அதே சிரமத்தைப் போர்மனுக்குக் கொடுப்பது எப்படித் தகும்?

கூலி கொடுக்கப் பணமே இல்லாத சிறு வியாபாரி என்ன செய்வார் என்பது நியாயமான கேள்வி. வண்டி ஓடினால்தான் பணம். பணம் இருந்தால்தான் வண்டி. அவருக்கு நாம் உபதேசம் மட்டும் செய்வது போதாது. வட்டியில்லாக் கடன் என்பது நம்மிடையே சொல்லுக்காக மட்டும் இருக்கக் கூடாது. இத்தகைய நேரத்துக்காகவே அது இருக்கிறது. மேலும், வேலையைப் பிரித்துக்கொள்ளவும் வழியுண்டு. இஞ்சினைத் தேடி வாங்குதல், பத்திர வேலைக்கு அலைதல், சாமான்களைக் கழுவித் துடைத்தல் ஆகியவற்றைத் தாம் செய்து, தூக்குவதும் பொருத்துவதும் சரிபார்ப்பதும் தொழிலாளியிடம் விட்டால் கூலி குறையும். பொறுப்பு இடம் மாறாது. விருப்பமுள்ளவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளவும் செய்யலாம். தொழிற்பயிற்சி பெற்று, கருவியும் இடமும் உள்ளவர் தம் வண்டியைத் தாமே செப்பனிடுவதை யாரும் தடுக்கவில்லை, அவர் தொழிலறிந்தவரே.

ஆகவே, தவறினால் அதன் கேடு நம்மோடு நிற்கும் வேலையை நாமே செய்து பழகலாம். எண்ணெய் அளவைப் பார்ப்பது, காற்று வடிகட்டியை மாற்றுவது, பாட்டரி முனையைத் துடைப்பது போன்றவை அத்தகையன. அவற்றுக்கும் ஆள் தேடுவது சோம்பல். தவறினால் அதன் கேடு பிறர்மீது விழும் வேலையை, கற்றறியாதவர் கற்றவரிடம் ஒப்படைப்பதே நீதி. கூலி கொடுக்கும் நாளில் பணப்பை இலேசாகும். அதை நாம் உணர்கிறோம். பாலத்தின்மேல் பாரமேற்றிய வேனின் பிரேக்கை மிதிக்கும்போது, முன்னால் போகிறவரும் பின்னால் வருகிறவரும் பத்திரமாயிருக்கிறார்கள் என்ற நிம்மதியையும் அந்தக் கணக்கில் வரவு வைத்துக்கொள்வோமாக.