படம் பிடிப்பதும் இம்சையாகுமோ?

பொன்னூர் மலையில் குந்தகுந்தாசாரியரின் திருவடிகளை வணங்கித் திரும்பும் நம் குடும்பத்தார் பலர், வழியில் வேடந்தாங்கல் ஏரிக்கும் சென்று வருகின்றனர். இளைஞர் கையில் கேமரா இருக்கிறது. வேட்டைக்காரன் துப்பாக்கியால் குறி பார்த்தான். நாங்கள் கேமராவால் பார்க்கிறோம். ஓர் உயிரும் வீழவில்லையே, இதில் குற்றம் யாது என்பது அவர்களுடைய வினா. வினா நியாயமானதே. விடைதான் அத்துணை எளிதன்று.

உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம், இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து உயிர்க்கு நேரும் ஊற்றை மட்டும் கூறி அமையவில்லை. விழிப்பற்ற மன மொழி மெய்களின் செயலையும் அதனோடு சேர்த்தே வைக்கிறது. ஆதலின் பறவை வீழ்ந்ததா என்று மட்டும் கேட்டால் போதாது. அவ்வேளையில் நம் கருத்து எங்கே நின்றது என்றும் கேட்டல் வேண்டும். படம் எடுப்போன் கண் பறவையின்மேல் இருக்கும். கருத்தோ பெரும்பாலும் படத்தின்மேல்தான் இருக்கும்.

ஆட்காட்டிக் குருவியை நம் ஊர்ப்புறத்தார் அறிவர். அது மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில், கூழாங்கற்களுக்கிடையே, பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். கடுங்கோடையில் தன் வயிற்று இறகுகளை நீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளைக் குளிர்விக்கும். ஆள் நெருங்கினால் எழுந்து, தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தும். விரித்த சிறகு, திறந்த அலகு: படத்திற்கு இதனினும் சிறந்த காட்சி வாய்க்காது. ஆனால் அது பறக்கும் அவ்வளவு நேரமும் முட்டைகள் வெயிலிலும் காக்கையின் பார்வையிலும் கிடக்கின்றன. அழகிய படம் என்று நாம் கொண்டாடுவது அதன் அச்சத்தை.

அகிம்சை அணுவிரதத்திற்குக் கூறப்பட்ட அதிசாரங்கள் ஐந்தனுள், உணவும் நீரும் தடுத்தல் ஒன்று. அது மாடு வளர்ப்போர்க்கே உரியது எனப் பலர் எண்ணுவர். கூட்டின் கீழ் ஒருவர் அரைமணி நேரம் நிற்க, வாயில் இரையோடு தாய்ப்பறவை அடுத்த மரத்திலேயே காத்திருக்குமாயின், அதனை வேறு எப்பெயரால் அழைப்பது? கூடு நன்கு தெரிய வேண்டும் என்று மறைக்கும் கிளையை ஒடிப்போரும் உளர். அக்கிளையே குஞ்சுகளுக்கு நிழல். கைப்பேசியில் பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து, தன் எல்லையில் மாற்றான் புகுந்தான் என்று பறவையை நம்பச் செய்து வெளியே வரவழைப்பது, இம்சையோடு பொய்யிலும் சேரும் என்பது நம் கருத்து. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், காட்டுப் பறவையின் கூட்டையோ முட்டையையோ கலைத்தலை ‘வேட்டை’ என்னும் சொல்லுக்குள்ளேயே அடக்கியுள்ளது. பிள்ளைகள் துப்பாக்கியையும் கேமராவையும் வேறு வேறு என்கின்றனர். சட்டம் அவ்வாறு முழுதும் பிரித்துவிடவில்லை.

அதனால் படமே கூடாது என்னும் பெரியோர் சிலரின் கூற்றை நாம் ஏற்கவில்லை. நத்தைகுத்தி நாரைக்கும் கரண்டிவாயனுக்கும் வேறுபாடு அறியாத பிள்ளை, அவற்றின்பால் இரக்கம் கொள்வது எங்ஙனம்? நாற்பதாண்டு வகுப்பறையில் நின்ற நமக்குப் படத்தின் பயன் தெரியும்.

வேடந்தாங்கலில் மரங்கள் நீரின் நடுவே நிற்கின்றன. பார்ப்போர் கரையில் நிற்கின்றனர். ஏரியே அளவு வகுத்துவிட்டது. 1790-களில் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, அவ்வூரார் செங்கற்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேசிடம் முறையிட்டுக் காப்புரிமை பெற்றனர். எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாயிற்று என்பது உண்மையே. பயன் கருதியதால் அவர்தம் காவல் சிறுமைப்படாது. 2022-இல் அவ்வேரி ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பிற இடங்களில், பாறையிலும் புதரிலும் சாலையோர மரத்திலும், அளவை நாமே வகுத்துக்கொள்ள வேண்டும். செய்துகொண்டிருந்த செயலை விட்டுப் பறவை நம்மை நோக்கித் தலை திருப்பியதா? அப்போதே பின்வாங்குதல் தகும்.

வீட்டிலிருந்து பார்ப்போரும் இதற்குப் புறம்பானவர் அல்லர். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினைக்கு வாயில் என்பது நம் நூற்கொள்கை. பேரப்பிள்ளை கூட்டின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, ‘அருமை’ என்று எழுதுமுன், எத்தனை அடி தொலைவில் நின்றாய் என்று நாம் கேட்கிறோம். சிலர் மறுமொழி தருகின்றனர்.