காரணமும் குற்றமும்

பிறவியிலேயே பார்வையற்றிருந்த ஒருவரைக் கண்ட சீடர்கள், அவர் அவ்வாறு பிறந்ததற்கு அவர் செய்த பாவம் காரணமா, அவரைப் பெற்றவர்கள் செய்த பாவம் காரணமா என்று ஆண்டவரிடம் கேட்டதை யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் காண்கிறோம். இரண்டுமே இல்லை என்று அவர் மறுத்துவிட்டார். தவக்காலத்தில் இப்பகுதி ஆலயத்தில் வாசிக்கப்படக் கேட்கிறோம். கேட்டுவிட்டு வீடு திரும்பும் வழியிலேயே, மூன்று வயதாகியும் நடவாத, பேசாத ஒரு குழந்தையைத் தாயின் இடுப்பில் கண்டால், நம் மனத்தில் எழுவது சீடர்களின் கேள்விதான்.

நமது தருமபுரி மாவட்டத்தில் அக்கேள்விக்குப் பல உருவங்கள் உண்டு. கிரகணத்தின்போது அவள் வெளியே வந்தாளாமே? மாசமாயிருக்கையில் ஏதோ மாத்திரை விழுங்கினாளாமே? அவள் பிறந்த வீட்டில் இப்படி யாரேனும் உண்டா? எல்லாக் கேள்விகளும் 'அவள்' என்ற ஒரே சொல்லில் வந்து நிற்பதைக் கவனியுங்கள். பெண்ணாய்ப் பிறந்ததற்காகவே சிசுக்கள் அழிக்கப்பட்ட மண் இது. 1992இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் இங்கும் விரிவுபடுத்த வேண்டியிருந்தது. அன்றும் பெண்ணைப் பெற்ற பழி தாயின் தலையில்தான் விழுந்தது. குழந்தை ஆணா பெண்ணா என்பது தந்தை தரும் குரோமோசோமைப் பொறுத்தது எனப் பள்ளியிலேயே படித்துவிட்டோம்; பழியை மட்டும் இடம் மாற்றினோமில்லை.

அந்தக் குரோமோசோம்களைப் பற்றித்தான் இங்குச் சிறிது பேச வேண்டியிருக்கிறது. மனித உயிரணுவில் அவை 46 என்பது 1956இல்தான் உறுதியாயிற்று. பாதி தாய் தந்தவை, பாதி தந்தை தந்தவை. சினைமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது இணைக் குரோமோசோம்கள் அருகருகே நின்று துண்டுகளைப் பரிமாறிக்கொள்கின்றன. ஒன்றுபோல் ஒன்று தோன்றும் பகுதிகள் பக்கம் பக்கமாய் அமைந்த இடங்களில் அப்பொருத்தம் சற்றே பிசகினால், ஒரு துண்டு இருமுறை சேர்ந்துவிடுகிறது. புத்தகம் தைப்பவர் கையில் ஒரே தாள் இருமுறை சேர்ந்துவிடுவது போல. பதினைந்தாம் குரோமோசோமில் ஒரு குறிப்பிட்ட பகுதி இவ்வாறு இரட்டித்தால் தசைத் தளர்ச்சி, நடையிலும் பேச்சிலும் தாமதம், பலருக்கு வலிப்பு, ஆட்டிசம் ஆகியவை காணப்படுகின்றன. கிரகணமும் இதில் இல்லை, சாபமும் இல்லை. சொந்தத்தில் மணம் முடிப்பதால் வேறு சில மரபு நோய்கள் மிகும் என்பது மெய்யே. ஆயினும் இந்தப் பிசகுக்கு அது காரணமன்று.

இதனைக் கண்டறிவது எளிதன்று. நுண்ணோக்கியில் குரோமோசோம்களைப் பார்க்கும் பழைய பரிசோதனைக்கு, சுமார் ஐம்பது இலட்சம் எழுத்துகளுக்குக் குறைந்த மாற்றங்கள் பெரும்பாலும் தென்படா. அவற்றையும் காட்டக்கூடியது மைக்ரோஅரே என்னும் பரிசோதனை. காரணம் புரியாத வளர்ச்சித் தாமதத்துக்கு முதலில் செய்ய வேண்டியது இதுவே என்று 2010இல் மேலைநாட்டு வல்லுநர்கள் பரிந்துரைத்தனர். அவர்கள் கணக்குப்படியே, நூறு குழந்தைகளில் 15 முதல் 20 பேருக்குத்தான் அதில் விடை கிடைக்கும். நம் மாவட்டத்தில் 2008இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2013இல் நாடெங்கும் தொடங்கப்பட்ட சிறார் நலத் திட்டத்தின்படி அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் மருத்துவக் குழுக்கள் சென்று வளர்ச்சித் தாமதத்தைக் கவனிக்கின்றன. ஆனால் மரபணு மருத்துவரைக் காண வேண்டுமானால் வேலூருக்கோ பெங்களூருக்கோ பயணப்பட வேண்டும். தினக்கூலியில் வாழும் தந்தைக்கு ஒவ்வொரு பயணமும் இழந்த கூலி. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வோம்: இயன்முறைப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பெயர் கிடைக்குமுன்பே குழந்தைக்கு உட்காரக் கற்றுத்தரலாம்.

அறிக்கை கையில் கிடைத்த பின்பும் அதை ஜாதகமாக்கிக்கொள்ளலாகாது. இருபத்திரண்டாம் குரோமோசோமில் உண்டாகும் ஓர் இரட்டிப்பு, ஒரே வீட்டில் மகனுக்குப் பேச்சுத் தாமதத்தைத் தந்திருக்கும்; அதே இரட்டிப்பை உடைய தந்தையோ, குறையொன்றும் அறியாமல் நாற்பது ஆண்டு வாழ்ந்து, மகனுக்காக இரத்தம் கொடுத்த அன்றுதான் தம்மைப் பற்றித் தெரிந்துகொள்வார்.

இனி, சங்கடமான பகுதிக்கு வருவோம். பரிசோதனை தாயின் மீதுள்ள பழியை நீக்கும் என்கிறோம். பலருக்கு அது மெய். பெற்றோர் இருவரிடமும் இல்லாத மாற்றம் குழந்தையில் புதிதாகத் தோன்றியது என்று அறிக்கை சொல்லும். எல்லா அறிக்கைகளும் அப்படிச் சொல்வதில்லை. எக்ஸ் குரோமோசோமின் நுனிப்பகுதியில் எம்இசிபி2 என்ற மரபணு இரட்டித்த ஆண் குழந்தைகள் தளர்ந்த உடலோடும், அடிக்கடி நுரையீரல் தொற்றோடும், பெரும்பாலும் பேச்சின்றியும் வளர்கிறார்கள். அந்த இரட்டிப்பு பெரும்பாலும் தாயிடமிருந்து வந்திருக்கும். தாய்க்கு நோயின் அடையாளமே இராது. அப்படியானால் மாமியார் சொன்னது சரியாகிவிட்டதா?

ஆகவில்லை. காரணம் வேறு, குற்றம் வேறு. அவளும் அதைக் கேட்டுப் பெறவில்லை. உயரத்தையும் கண்ணின் நிறத்தையும் பெற்றதுபோலப் பெற்றாள், அறியாமலே தந்தாள். சாவான பாவத்துக்கு முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும் என்று மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்தவர்கள் நாம். அந்த நாமே செபக் கூட்டங்களில் 'தலைமுறைச் சாபம்' என்று பேசக் கேட்டுத் தலையசைக்கிறோம். பெற்றோரின் வினையைப் பிள்ளைமேல் ஏற்றும் பழமொழியை எசேக்கியேல் இறைவாக்கினர் கண்டித்து இருபத்தைந்து நூற்றாண்டுகளுக்கு மேலாகிறது. ஆகையால் பெற்றோர் இருவரும் சேர்ந்தே இரத்தம் கொடுப்பதும், முடிவை இருவரும் சேர்ந்தே கேட்பதும், அது உறவினர் சபைக்குப் போகாதிருப்பதும் நல்லது என்போம்.

தெரிந்துகொண்ட பின்போ பொறுப்பு தொடங்குகிறது என்பதை மறுப்பதற்கில்லை. அடுத்த கருவைக் குறித்த கேள்வி உடனே வந்து நிற்கும். கருவுக்குப் பெருங்குறை உண்டெனின் 24 வாரங்களுக்குப் பின்னும் மருத்துவக் குழுவின் முடிவின்பேரில் கருக்கலைப்புச் செய்ய 2021இன் சட்டத்திருத்தம் இடமளிக்கிறது. டவுன் நோய்க்குறி உள்ளவர்களிடம் இருபத்தொன்றாம் குரோமோசோம் ஒன்று மிகுதியாயிருப்பதை 1959இல் வெளியிட்ட மூவருள் ஒருவர் கத்தோலிக்கரான ஜெரோம் லெஜூன். உயிரணு வளர்ப்பு வேலையைச் செய்த மார்த் கோத்தியேவுக்கு உரிய பெருமை நெடுநாள் கிட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தம் கண்டுபிடிப்பு அக்குழந்தைகளைப் பிறக்கவிடாமல் செய்யப் பயன்பட்டது லெஜூனுக்கு ஆறாத் துயராயிற்று. சிகிச்சை தேடியபடியே 1994ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று மறைந்தார். 2021இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. அவருடைய நிலைப்பாட்டை நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவரைப் போல அக்குழந்தைகளை நாள்தோறும் மடியில் அமர்த்திப் பார்த்தோமா? திருப்பலியின் நடுவில் குழந்தை உரக்கக் கத்தியதும் எழும் பார்வைகளுக்கு அஞ்சி, வாசற்படிக்கு வெளியே நின்று பலி காணும் தாயைக் கருவைக் காக்கச் சொல்லும் உரிமையை நாம் எங்கிருந்து பெற்றோம்?

இன்னொரு கேள்வி எஞ்சுகிறது. அத்தகைய வீட்டில் அக்குழந்தைக்கு ஓர் அக்காள் இருக்கிறாள். மணம் பேச வருகிறார்கள். தாய்க்கு அந்த இரட்டிப்பு இருக்குமானால் மகளுக்கும் இருக்கப் பாதி வாய்ப்புண்டு. மறைத்துவிடு என்பார் சிலர். மாப்பிள்ளை வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பார் சிலர். இரு சாராரும் அவளைக் கேட்பதில்லை. முதலில் அறிய வேண்டியவள் அவளே. தகுந்த வயதில், மரபணு ஆலோசகர் துணையோடு, பரிசோதித்துக்கொள்வதா வேண்டாமா என்பதையும் அவளே முடிவு செய்யட்டும். செய்துகொண்டால், நிச்சயத்துக்கு முன் மணமகனிடம் அவளே சொல்லட்டும். தரகரிடமோ சித்தப்பாவிடமோ அன்று. இதனால் சில சம்பந்தங்கள் முறியும். மணமக்களுக்கான தயாரிப்பு வகுப்புகளில் நாமும் பலமுறை அமர்ந்திருக்கிறோம். இதைப் பற்றி அங்கு ஒருவரும் வாய் திறந்து நாம் கேட்டதில்லை.